அமத்து, பிடி, விடு

இது நடந்தது. நடந்த இடத்தைக் காட்டச் சொன்னால் காட்டுவேன். முரசுமோட்டையில், பரந்தன் – முல்லைத்தீவு வீதி ஓரத்தில், எட்டுத் தகரம் போட்ட என் கராஜ். அதன் நடுவில் கார்களுக்குக் கீழே நின்று வேலை செய்ய நானே வெட்டிய குழி. அந்தக் குழிக்குள் நிற்கும்போதுதான் நடந்தது. நான் குடிப்பவன் இல்லை. அன்றைக்குக் காய்ச்சலும் இல்லை.

பேய், பிசாசு என்று யாராவது கதை எடுத்தால் எழும்பிப் போய்விடுகிறவன் நான். அப்பரும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். பதினொரு வயதில் நான் மண் அள்ளப் போனேன். இருட்டுக்குப் பயப்பட நேரம் இருந்ததில்லை. படுத்தால் நித்திரை, விடிந்தால் மண்வெட்டி. கடைசிச் சண்டையில் செத்தவர்களுக்குப் பக்கத்திலேயே படுத்து எழும்பியிருக்கிறோம். அவர்களில் ஒருவர்கூட எழும்பி வந்து என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

ஆனால் ஸ்ரனிஸ்லசின் காரை என்னால் இன்றுவரை விளங்கப்படுத்த முடியவில்லை.

ஸ்ரனிஸ்லஸ் முள்ளிவாய்க்கால் ஆள். நாற்பது தாண்டிய வயது. தகப்பன் கடற்றொழில். இவனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக். அதற்கும் ஒரு சப்பாத்து மாட்டியிருப்பான்; மற்றக் காலில் செருப்பு. வன்னியில் அதை யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கே போனது, எப்படிப் போனது என்று நானும் கேட்கவில்லை. ஒருவனிடம் கேட்டால் எல்லாரிடமும் கேட்க வேண்டிவரும்.

ஒற்றைக் காலோடு வள்ளத்தில் நிற்க முடியாது. ஆகவே இரவில் கரையோர மீன் வாடியில் மீனைத் தரம் பிரித்து ஐஸ் போடும் வேலை. பகலில் கிழிந்த வலை பொத்துவான். அவன் மனைவி நிரோஜாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் கிளிநொச்சிக்குப் போய் மெஷினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். இரண்டு முறை தவறினால் மூச்சு முட்டும். பஸ்ஸில் நின்றுகொண்டு போக அவளால் ஏலாது. அதற்காகத்தான் அந்தக் கார். பழைய ஸ்ரீ எழுத்து நம்பர்த் தகடு. உடம்பு வெளிர் நீலம். சாரதிப் பக்கக் கதவு மட்டும் வேறு எந்தக் காரிலோ கழற்றிப் போட்ட பச்சைக் கதவு.

முதல்முறை வந்தபோது வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

“ஓடிக்கொண்டு வரேக்க பிரேக் தானாப் பிடிக்குது அண்ணை. அப்பிடியே நிண்டிடும். அரை மணித்தியாலம் அசையாது. பிறகு தானா விடும்.”

“உன்ர காருக்கு என்னைவிட வயசு கூட, ஸ்ரனி. நானும் இப்ப இடைக்கிடை நிண்டு மூச்சு வாங்கித்தான் போறனான்.”

“நீங்கள் நிண்டா ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்குப் பிந்தமாட்டினம், குகன் அண்ணை.”

அதற்குப் பிறகு நான் பகிடி விடவில்லை.

பழைய கார் ஒன்றின் பிரேக் தானாகப் பிடிப்பதற்கு மூன்று காரணங்கள்தான் உண்டு. சில்லுக்குப் போகும் றப்பர் குழாய் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பெடலை அமத்தும்போது ஒயில் போகும், விடும்போது திரும்பி வராது. இல்லாவிட்டால் சில்லுக்குள் இருக்கும் சிலிண்டர் துருப்பிடித்து இறுகியிருக்கும். அதுவும் இல்லாவிட்டால், பெடலின் அடியில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் ஒயில் திரும்புகிற சின்னத் துவாரம் அழுக்கால் அடைபட்டிருக்கும். நான்காவது காரணத்தை என் முப்பது வருட வேலையில் நான் கண்டதில்லை.

காரை ஜாக்கில் தூக்கினேன். நாலு சில்லையும் கையால் சுற்றினேன். தடையில்லாமல் சுற்றின. ஸ்ரனியைப் பெடலை அமத்தச் சொன்னேன், நின்றன. விடச் சொன்னேன்; உடனே சுற்றின. டிரம்மைக் கழற்றிப் பார்த்தேன். கட்டைகள் ஒழுங்காகத்தான் தேய்ந்திருந்தன. றப்பர் குழாய்கள் பழசு. குற்றம் அதில்தான் என்று முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு ஒன்று, மூன்றையும் மாற்றினேன். நானே எடுத்துக்கொண்டு தர்மபுரம் வரை போய் வந்தேன். அமத்தின இடத்தில் நின்றது, விட்டதும் ஓடியது.

போகும்போது அவனுக்கு ஒன்று சொல்லி அனுப்பினேன்.

“திருப்பி நிண்டா இறங்கி நாலு சில்லையும் தொட்டுப் பார். எது சுடுகுதோ அதுதான் கள்ளன்.”

அடுத்த செவ்வாய். விடிய ஐந்து மணி ஆகவில்லை. போன் அடித்தது.

“அண்ணை, விசுவமடு தாண்ட நிண்டிட்டுது.”

“தொட்டுப் பார்த்தனியோ?”

“ஓம். நாலும் தொட்டனான்.”

“எது சுடுகுது?”

“ஒண்டும் சுடேல்லை அண்ணை. நாலும் குளுந்துபோய்க் கிடக்குது.”

அது பிழை. பிரேக் இறுகி இறுகி நின்ற காரின் சில்லில் கை வைக்க முடியாது. பச்சைத் தண்ணீர் தெளித்தால் சீறும். குளிர்ந்திருக்கிறது என்றால், அந்த பிரேக் ஒரே ஒரு தரம்தான் பிடித்திருக்கிறது. நிறுத்துவதற்கு மட்டும்.

மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். இன்னும் இருட்டு. கார் இடது பக்கம் நேராக நின்றது. தாரில் சில்லு இழுபட்ட கோடு இல்லை. கார் குறுக்கே திரும்பவும் இல்லை. பதறாமல், கொஞ்சம் கொஞ்சமாக அமத்தி நிறுத்திய கார் அப்படித்தான் நிற்கும். ஸ்ரனி கதவில் சாய்ந்து நின்றான். பின் சீற்றில் நிரோஜா சுருண்டு படுத்திருந்தாள். முகம் ஊதியிருந்தது.

“பிந்தினா மெஷின்ல நேரம் குறையும் அண்ணை,” என்றாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை. களைத்த குரல்.

சாரதிப் பக்கம் குனிந்து டோர்ச் அடித்தேன்.

பிரேக் பெடல் கீழே கிடந்தது. தரையோடு தரையாக.

நான் சொன்ன மூன்று காரணங்களில் எது என்றாலும் பிரேக் சில்லில்தான் இறுகும். பெடல் மேலே வந்து நிற்கும். அதை மேலே தள்ளுவதற்கென்றே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அந்த ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்தேன். முறுக்காக இருந்தது. இழுத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் பெடல் கீழே கிடந்தது.

கையைக் கொடுத்து மேலே தூக்கினேன். வரவில்லை. இரண்டு கையாலும் தூக்கினேன். இரும்பில் இறுகியது போலவும் இல்லை. இரும்பில் இறுகினால் அசையவே அசையாது. இது கொஞ்சம் வந்து, திரும்பப் போனது... நான் தூக்கத் தூக்க, யாரோ எதிர்த்து அமத்துவது போல.

கையை எடுத்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் போனது. பிறகு பெடல் தானாக மேலே வந்தது. ஸ்பிரிங் இழுத்தால் ‘டக்’ என்று வரவேண்டும். இது மெதுவாக வந்தது. ஒருவர் காலை எடுப்பது போல.

“கண்டனீங்களோ?” என்றான் ஸ்ரனி.

“மாஸ்டர் சிலிண்டர்ல பிஸ்டன் இறுகுது. அதுக்குச் சாமான் மாத்தினாச் சரி.”

நம்புகிறவன் மாதிரிச் சொன்னேன். அந்த நேரம் நம்பவும் செய்தேன். களைத்த மனுசனுக்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும், அதிலே சாய்ந்துவிடுவான்.

வியாழக்கிழமை பின்னேரம் காரைக் கொண்டுவந்தான். மாரி தொடங்கியிருந்தது. காலையிலிருந்து ஒரே மழை. வெள்ளி விடிய நாலு மணிக்கு அவர்கள் வீட்டிலிருந்து வெளிக்கிட வேண்டும். செவ்வாய்க்கிழமை நிரோஜாவுக்குப் பாதி நேரம்தான் கிடைத்தது. வெள்ளியும் தவறினால் தாங்காது என்று தாதி சொல்லிவிட்டாவாம்.

“இண்டைக்கு முடியாட்டி அவளை என்னெண்டு கொண்டுபோறது அண்ணை?”

“முடியும். உதில இரு.”

காரைக் குழிக்கு மேலே ஏற்றினோம். மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினேன். பழைய கார்களில் அது சாரதியின் காலுக்கு நேர் கீழே, தரைத் தகரத்துக்கு அடியில் இருக்கும். பெடல்கள் தகரத்தைத் துளைத்துக்கொண்டு மேலே போகும். அந்தக் காரில் தகரம் உக்கிப் பெடலைச் சுற்றி ஒரு கை போகக்கூடிய ஓட்டை விழுந்திருந்தது. மூடியிருந்த றப்பரும் இல்லை.

சிலிண்டரைப் பிரித்தேன். உள்ளே துரு இல்லை. அழுக்கு இல்லை. பிஸ்டன் விரலால் தள்ளப் போய் வந்தது. ஒரு குற்றமும் இல்லை. இருந்தாலும் றப்பர்கள் எல்லாம் புதிதாகப் போட்டுப் பூட்டினேன். வேறு என்ன செய்வது?

பூட்டி முடிய ஆறு மணி தாண்டிவிட்டது. மிச்சம், காற்று எடுப்பது.

பிரேக் குழாயைக் கழற்றிப் பூட்டினால் உள்ளே காற்று நிற்கும். காற்று நின்றால் பெடல் பஞ்சு மாதிரிப் போகும், கார் நிற்காது. அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே பெடலில் இருப்பார். மற்றவர் கீழே சில்லடியில் நிற்பார். கீழே நிற்கிறவர் ‘அமத்து’ என்பார். மேலே இருப்பவர் பெடலை நாலைந்து தரம் அமத்துவார். ‘பிடி’ என்றால் கீழே அமத்தியபடி பிடிப்பார். கீழே நிற்கிறவர் சில்லடியில் உள்ள சின்னப் பூட்டைத் திறப்பார். காற்றும் ஒயிலும் குழாயால் போத்தலுக்குள் வரும். பூட்டை மூடிய பிறகுதான் ‘விடு’ என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் விட்டால் போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். இதில் ஒருவர் மற்றவரைப் பார்க்க முடியாது. சொல்லும் காலும்தான்.

எனக்குத் துணையாக நின்ற ஆள் கட்டாருக்குப் போய் நாலு மாதம். ஸ்ரனியைச் சீற்றில் ஏற்றினேன்.

“அமத்து!”

டொக். டொக். டொக். பிளாஸ்டிக் கால் பெடலில் விழும் சத்தம். அந்தக் காலுக்கு உணர்ச்சி இல்லை. எவ்வளவு அமத்துகிறோம் என்று அதற்குத் தெரியாது. ஒரு தரம் கூடும், ஒரு தரம் வழுக்கும்.

“பிடி!”

“பிடிச்சிட்டன்!”

பூட்டைத் திறந்தேன். அவன் கால் பாதியில் வழுக்கியது. போத்தலுக்குள் வந்த குமிழ்கள் திரும்ப உள்ளே ஓடின.

“டேய், விடு எண்டு சொன்னனானோ?”

“அது தானா வழுக்குது அண்ணை. நான் என்ன செய்ய?”

“மற்றக் காலால அமத்தன்.”

“அது இன்னும் மோசம். பழக்கமில்லை.”

பின் இடது சில்லோடு அரை மணித்தியாலம் மினக்கெட்டு ஒருவழியாக முடித்தோம். மழை இறுகியது. தகரத்தில் விழுந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. குழியின் சுவரால் தண்ணீர் கசிந்து கணுக்கால் வரை வந்துவிட்டது. கைவிளக்கை மேலே கொழுவிவிட்டுப் பின் வலது சில்லுக்குத் திரும்பினேன்.

“அமத்து!”

சத்தமில்லை. ஆனால் குழாயில் ஒயில் அசைந்தது. பெடல் போய் வந்தது. ஒரு தரம். இரண்டு தரம். ஐந்து தரம். ஒரே அளவு, ஒரே வேகம்.

“பிடி!”

பதில் இல்லை. மழை இரைச்சல் என்று நினைத்தேன். பூட்டைத் திறந்தேன்.

ஒயில் நூல் பிடித்தது போல வந்தது. குமிழ்கள் எல்லாம் போத்தலுக்குள் ஏறின. பெடல் வழுக்கவில்லை. நடுங்கவும் இல்லை. பூட்டை மூடினேன்.

“விடு!”

விட்டது.

‘கடைசியில் பிடிபட்டுவிட்டது இவனுக்கு,’ என்று நினைத்தேன். சந்தோசமாக இருந்தது. முதுகு விண்விண் என்று வலித்தது. வேலை முடிந்தால் போதும் என்று இருந்தது.

முன் இடது சில்லு. அமத்து... பிடி... விடு. ஒரு குறையும் இல்லை.

முன் வலது சில்லு. கடைசிச் சில்லு. அது பெடலுக்குக் கிட்ட.

“அமத்து!”

தலைக்கு மேலே பெடலின் இரும்பு கீழே வந்து மேலே போனது. அப்போதும் ‘டொக்’ இல்லை. கைவிளக்கின் வெளிச்சம் தகர ஓட்டையில் பட்டது. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

ஓட்டையில் ஒரு குதிக்கால் தெரிந்தது.

வெறுங்கால். சப்பாத்து இல்லை. பிளாஸ்டிக்கும் இல்லை. தசை.

பிளாஸ்டிக் காலைக் கழற்றி வைத்துவிட்டு இடது காலால் அமத்துகிறான் என்று நினைத்தேன். நான் சொன்னதைத்தானே செய்கிறான்.

“பிடி!”

பிடித்தது. குதிக்கால் இறுகியது. நரம்பு தெரிந்தது.

பூட்டைத் திறந்தேன். ஒயில் வந்தது. நான் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஏதோ ஒன்று சரியில்லை... என்ன என்று உடனே பிடிபடவில்லை.

வெடிப்பு இல்லை.

உப்புத் தண்ணீரிலும் ஐஸிலும் நிற்கிறவனின் குதிக்கால் வயல் வரம்பு மாதிரி வெடித்திருக்கும். இது வழவழவென்று இருந்தது. இளம் பெடியனின் கால். கடல் மணல் ஒட்டியிருந்தது.

பூட்டை மூடினேன்.

‘விடு’ சொல்ல வாயைத் திறந்தேன்.

“குகன் அண்ணை!”

குரல் மேலேயிருந்து வரவில்லை. வீதிப் பக்கமிருந்து வந்தது.

“நான் இல்லாம என்னெண்டு வேலை செய்யிறியள்?”

குழியின் விளிம்பில் இரண்டு கால்கள் வந்து நின்றன. ஒன்றில் சப்பாத்து. மற்றதில் செருப்பு. செருப்புக் காலின் குதி... வெடித்து வெடித்து...

“போன் வந்தது அண்ணை. நிரோஜா. தகரத்துக்குக் கீழ கோல் எடுபடேல்லை, கத்திச் சொல்லிப்போட்டுத்தானே போனனான். கேக்கேல்லையோ?”

நான் மேலே பார்த்தேன்.

குதிக்கால் அங்கேயே இருந்தது.

பெடல் கீழே இருந்தது.

நான் ‘விடு’ என்று சொல்லவில்லை. ஆகவே அது விடவில்லை.

காத்துக்கொண்டிருந்தது...

குரல் வரவில்லை.  இரண்டாம் முறை முயன்றேன்.

“வி... விடு.”

பெடல் மெதுவாக மேலே போனது.

குதிக்கால் இல்லை. ஓட்டையால் சீற்றின் அடி ஸ்பிரிங் தெரிந்தது.

எப்படிக் குழியைவிட்டு ஏறினேன் என்று தெரியாது. சாரதிப் பக்கக் கதவு திறந்தபடி கிடந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. பெடலைத் தொட்டேன். றப்பர் சூடாக இருந்தது. ஓரத்தில் நாலைந்து மணல்.

“என்ன அண்ணை, முகம் வெளிறிப்போச்சு?”

ஸ்ரனி கதிரையில் இருந்தபடி பிளாஸ்டிக் காலைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“உது ஏன் தேய்க்கிறாய்?”

“இல்லாத கால் உளையுது. சில நேரம் வாறது. இண்டைக்கு ஒரு புதுமாதிரி. தேத்தண்ணிக் கடை வாசல்ல நிண்டு போன் கதைக்கேக்க, கால் அமத்தி அமத்தி எடுக்கிற மாதிரிக் கிடந்தது. பேந்து பிடிச்சுக்கொண்டு நிண்டிட்டுது. இப்பதான் விட்டது.”

நான் மற்றக் கதிரையில் இருந்தேன். 

“ஸ்ரனி, உன்ர கால் எங்க போனது?”

அவன் ஆச்சரியமாகப் பார்த்தான். பிறகு கார்ப் பக்கம் தலையை ஆட்டினான்.

“உதுக்குள்ளதான்.”

மழை இரைந்துகொண்டிருந்தது. கதிரையைக் கிட்ட இழுத்துச் சொன்னான்.

“கடைசி மாசம். காயக்காரரை ஏத்திக்கொண்டு வந்தனான். முன்னால சனம். போக இடமில்லாம ரோட்டிலேயே படுத்துக் கிடந்ததுகள். பிரேக்கில காலை வைச்சனான். அவ்வளவுதான் தெரியும். ஷெல் பீஸ் கதவால வந்தது. என்னை இழுத்தெடுத்தவை. காலை எடுக்கேல்லை.”

“சனம்?”

“ஒருத்தரிலயும் ஏறேல்லை அண்ணை. கார் நிண்டிட்டுதாம். பிறகு ஓரத்துக்குத் தள்ளப் பார்த்திருக்கினம், அசையேல்லையாம். பிரேக் பிடிச்சபடியே கிடந்ததாம்.”

“காலை ஆர் தாட்டது?”

“ஆர் தாட்டது? ஆக்களையே புதைக்கிறதுக்கு ஆளில்லை.” சிரித்தான். “பத்து வருசத்துக்குப் பிறகு காரை இரும்புக்கு அறுக்க வைச்சிருந்த இடத்தில கண்டனான். கதவு மட்டும் இல்லை. கேட்டு எடுத்தனான். ஏன் கேக்கிறியள்?”

அந்தக் காலுக்கு அன்றைக்கு ‘விடு’ என்று யாரும் சொல்லவில்லை. என் மனதில் அதுதான் ஓடியது. 

“நாளைக்குக் காலமை கொண்டுபோகலாமோ அண்ணை?”

என்ன சொல்வது? பிரேக் அவ்வளவு சுத்தமாக இருந்தது. என் கையால் காற்று எடுத்த எந்தக் காரிலும் அப்படி ஒரு பெடல் நான் கண்டதில்லை. கொண்டுபோகாதே என்றால் நிரோஜாவுக்கு மூச்சு முட்டும். கொண்டுபோ என்றால்...

“போ,” என்றேன். “மெதுவாப் போ.”

அன்றிரவு நான் படுக்கவில்லை. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தேன். விடிய ஐந்து. ஐந்தரை. ஆறு. அடிக்கவில்லை. ஏழு மணிக்கு நானே அடித்தேன்.

“வந்திட்டம் அண்ணை. மெஷின்ல ஏத்தியாச்சு.”

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர்களைக் காணவில்லை. நானும் விசாரிக்கவில்லை. வேலை இருந்தது. உழவு காலம்; டிராக்டர்கள் வரிசையில் நின்றன.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் காரை என் கராஜ் வாசலில் நிற்பாட்டினார்கள். ஸ்ரனி தேத்தண்ணிக் கடைக்குப் போனான். நிரோஜா முன் சீற்றில் இருந்தாள். கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

“அண்ணை, அவர் வர முந்தி ஒண்டு சொல்லவேணும். இனி இந்த பிரேக்கைத் திருத்தாதேங்கோ.”

“ஏன்? திருப்பி நிண்டதோ?”

“ஓம். போன கிழமை. தர்மபுரத்துக்குக் கிட்ட. அவர் உங்களிட்டைச் சொல்ல வெளிக்கிட்டவர். நான்தான் விடேல்லை.”

கடைப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

“எப்பவும் நான் பின்னால படுத்துக்கொண்டுதான் வாறனான். அண்டைக்கு இடுப்பு நோ, முன்னால இருந்தனான். விடியப்புறம். திரும்பிப் பார்த்தா அவர் நித்திரை, அண்ணை. கை ஸ்டியரிங்கில. தலை நெஞ்சில. முன்னால ஒரு டிராக்டர்ப் பெட்டி, லைற் இல்லாம, ரோட்டில நிக்குது. கத்தவும் வாய் வரேல்லை.”

“பிறகு?”

“கார் நிண்டிட்டுது. மெதுவா, ஒரு குலுக்கும் இல்லாம. நிண்ட பிறகும் அவர் எழும்பேல்லை. அரை மணித்தியாலம் நல்ல நித்திரை. முந்தி நிண்ட நேரமெல்லாம் என்ன நடந்ததெண்டு அப்பதான் எனக்கு விளங்கினது.”

எனக்கும் அப்போதுதான் விளங்கியது. மூன்று காரணங்களையும் தேடிய நான், சாரதியை மட்டும் பார்க்கவில்லை.

“போனில லைற் அடிச்சுக் கீழ பார்த்தனான்,” என்றாள்.

“என்ன கண்டனீங்கள்?”

“அவற்ற செருப்புக் கால் ஒரு பக்கம் சரிஞ்சு கிடந்தது. பிளாஸ்டிக் கால் மற்றப் பக்கம்.”

குரலைத் தாழ்த்தினாள்.

“நடுவில ஒண்டு இருந்தது, அண்ணை. பிரேக்கில.”

நான் பச்சைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.  கடையில் ஸ்ரனி யாரோடோ சிரித்துக் கதைக்கும் சத்தம் கேட்டது.

“அவருக்குச் சொன்னனீங்களோ?”

“இல்லை.”

“பயமில்லையோ பிள்ளை, இதுக்குள்ள இருந்து போய்வர?”

அவள் சீற்றில் தலையைச் சாய்த்தாள். கண்ணை மூடிக்கொண்டுதான் பதில் சொன்னாள்.

“பயம்தான். ஆனா அவர் ரெண்டு வருசமா ஒழுங்கா ஒரு நித்திரை கொள்ளேல்லை, அண்ணை. எனக்கும் முழிச்சிருக்கச் சீவன் இல்லை. அந்தக் காலாவது முழிச்சிருக்கட்டும்.”